முந்திரிப் பூ கருகுவது பனியாலா, கொசுவாலா?

மார்கழி பிறந்ததும் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, பூவெல்லாம் பனியில கருகிப் போச்சு. என்ன அடிக்கலாம்?" கருகின கொத்தைக் கையில் பிடித்துப் பார்த்தீர்களா, காம்பில் கோடு கோடாகக் கறுப்பு இருக்கிறதா, பிசின் முத்து நிற்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுவார்கள். சிலர் கூப்பிடுவார்கள். பலர் அதற்குள் பக்கத்துக் கொல்லையில் என்ன அடிக்கிறார்கள் என்று விசாரித்து, அதையே அடித்து முடித்திருப்பார்கள்.

பண்ருட்டிக்கு மேற்கே செம்மண் பூமியில் நாலு ஏக்கர் முந்திரி வைத்திருக்கிறேன். ரசாயனத்தை நிறுத்திப் பதினைந்து வருடம் ஆகிறது. முந்திரிக்குப் பூச்சி நிறைய உண்டு. ஆனால் குடும்பத்தைப் பாதிக்கிற அளவுக்கு நஷ்டம் செய்வது இரண்டுதான். ஒன்று பூவைக் கருக்கும் தேயிலைக் கொசு. இன்னொன்று மரத்தையே சாய்க்கும் தண்டு துளைப்பான். இந்த இரண்டையும் எப்படிப் பார்ப்பது, எப்போது கை வைப்பது, எப்போது சும்மா இருப்பது என்று மட்டும் எழுதுகிறேன். கரைசல் செய்முறை தேடிப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பார்க்கிற வேலையைத்தான் நாம் விட்டுவிட்டோம்.

பார்க்காமல் அடித்தால் என்ன ஆகும்

தேயிலைக் கொசு என்றால் முதலில் காசர்கோடு நினைவுக்கு வர வேண்டும். கேரளத்தின் வடகோடியில் இருக்கும் அந்த மாவட்டத்தில் அரசுத் தோட்டக் கழகத்துக்கு ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் முந்திரித் தோட்டம் இருந்தது. 1970களின் பிற்பகுதியில் தொடங்கி 2000 வரை, வருடா வருடம் அந்தத் தோட்டங்கள் மேல் ஹெலிகாப்டர் வைத்து எண்டோசல்பான் தெளித்தார்கள். எந்தப் பூச்சிக்காக? இதே கொசுவுக்காகத்தான். தோட்டத்துக்கு நடுவிலும் ஓரத்திலும் ஊர்கள் இருந்தன, கிணறுகள் இருந்தன, ஓடைகள் இருந்தன. அங்கே பிறந்த குழந்தைகளின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2017இல் கேரள அரசுக்கு உத்தரவிட்டது.

விஷத்தின் கொடுமையைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் கவனிக்கச் சொல்வது வேறு. ஹெலிகாப்டரில் இருந்து கீழே பார்க்கிறவனுக்கு எந்த மரத்தில் பூச்சி இருக்கிறது, எந்த மரத்தில் இல்லை என்று தெரியாது. தேதி வந்தால் தெளிப்பான். இன்றைக்கு நம்மில் பலர் அதே மாதிரி, கார்த்திகையில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை, மாசியில் ஒரு தடவை என்று கணக்கு வைத்து இஞ்சி-பூண்டு கரைசலும் அக்னி அஸ்திரமும் அடிக்கிறோம். மருந்துதான் மாறியிருக்கிறது. நாலு ஏக்கருக்குக் கூலி ஆள், பவர் ஸ்பிரேயர் வாடகை, பெட்ரோல் எல்லாம் கூட்டிப் பாருங்கள். அதோடு, காரமான கரைசல் கொசுவை மட்டும் பார்த்துப் படாது. சிலந்தி, கும்பிடுபூச்சி, எறும்பு, பூவுக்கு வரும் தேனீ எல்லாவற்றின் மேலும்தான் படும்.

கொசு இல்லை, நாவாய்ப்பூச்சி

பெயர்தான் கொசு. உண்மையில் இது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. அரை அங்குலத்துக்கும் குறைவான மெல்லிய உடம்பு, கறுத்த தலை, செம்பழுப்பு மார்பு, உடம்பைவிட நீளமான உணர்கொம்பு. அடையாளம் ஒன்றே ஒன்று போதும். முதுகில் குண்டூசியை நட்டு வைத்த மாதிரி ஒரு சின்ன முள், அதன் நுனியில் உருண்டை. அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். குஞ்சுகள் செம்மஞ்சளாக, எறும்பு மாதிரி ஓடும். பலர் எறும்பு என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

முந்திரி மரம் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரோடு பிரேசிலில் இருந்து வந்தது. இந்தக் கொசு அப்படி வந்ததில்லை, இது நம்ம ஊர்ப் பூச்சி. முந்திரி வருவதற்கு முன்னாலேயே இங்கே இருந்தது. வேம்பின் கொழுந்திலும் கொய்யாவிலும் கொக்கோவிலும் இருக்கும். அதனால் இதை ஒழித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலி ஓரத்து வேப்பமரத்தில் எப்போதும் நாலு உட்கார்ந்திருக்கும். முந்திரி துளிர்க்கும்போது இறங்கி வரும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார்: "வேப்பமரத்துச் சாறையே குடிக்கிற பூச்சிக்கு வேப்பெண்ணெய் என்னண்ணே செய்யும்?" நல்ல கேள்வி. வேம்பில் பூச்சியைத் தடுக்கும் அசாடிராக்டின் என்ற பொருள் அதிகமாக இருப்பது கொட்டைப் பருப்பில். கொசு உறிஞ்சுவது இளங்கொழுந்தை. அதனால் கொட்டைச் சாறு வேலை செய்யும். ஆனால் அடித்த உடனே பூச்சி பொத்தென்று விழும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தின்ன விடாமல் விரட்டும், குஞ்சுகளின் வளர்ச்சியைக் கெடுக்கும். வந்த கூட்டம் பெருகின பிறகு அடித்தால் பெரிய பலன் கிடைக்காது. சீக்கிரம் பார்க்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம். ரசாயனம் அடிக்கிறவர் பத்து நாள் தாமதமாகப் பார்த்தாலும் சமாளித்துவிடுவார். நம்மால் முடியாது.

தாய்ப்பூச்சி முட்டையை இளந்தண்டின் உள்ளே செருகி வைக்கும். வெளியே இரண்டு வெள்ளி நூல் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். கண் நன்றாகத் தெரிகிறவர்கள் காலை வெயிலில் துளிரைச் சாய்த்துப் பிடித்தால் பார்க்கலாம். எனக்கு இப்போது கண்ணாடி வேண்டியிருக்கிறது. முட்டை பொரிந்து, குஞ்சு வளர்ந்து, அது முட்டை வைக்கிற நிலைக்கு வர ஏறக்குறைய மூன்று நான்கு வாரம். அதாவது கார்த்திகை மழை விட்டுத் துளிர்க்கும்போது வந்த ஒரு ஜோடி, தையில் பூ முழுவதும் விரியும் நேரத்துக்குள் இரண்டு தலைமுறை பெருகிவிடும். கண்டுகொள்ளாமல் விட்ட தோட்டத்தில் 30 முதல் 40 சதவீதம் மகசூல் போகும் என்று சொல்வது மிகைப்படுத்தல் இல்லை.

கருகலை எப்படிப் பிரித்துப் பார்ப்பது

பூச்சி குத்தின இடத்தில் அதன் எச்சில் தண்டின் சதையைக் கொல்கிறது. முதலில் நீர் கோத்த மாதிரி நீண்ட புள்ளி. ஒரு நாளில் பழுப்பு, அப்புறம் கறுப்பு. புள்ளியில் இருந்து பிசின் துளிர்த்து முத்தாக நிற்கும். புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் துளிரோ பூங்கொத்தோ முழுவதும் காய்ந்து, தூரத்தில் இருந்து பார்க்கத் தீயில் வாட்டிய மாதிரி தெரியும். இளம் இலையில் நரம்புகளுக்கு நடுவே மூலை மூலையாகப் பழுப்புத் திட்டு. பிஞ்சுக் கொட்டையில் குத்தினால் கறுப்புப் பொருக்கு, சுருங்கி உதிரும்.

பூஞ்சாணம் வேறு மாதிரி இருக்கும். சாம்பல் நோய் என்றால் பூவின் மேல் வெள்ளைப் பொடி தெரியும், காம்பில் பிசின் முத்து இருக்காது. இலைப்பேன் சுரண்டினது என்றால் கறுப்புப் புள்ளி இல்லாமல் சொரசொரப்பான பழுப்புத் தழும்பு இருக்கும். பனி மூட்டத்தில் பூஞ்சாணம் வரத்தான் செய்யும். கொசு குத்தின காயத்தின் வழியாகவே பூஞ்சாணம் நுழைவதும் உண்டு. ஆகையால் பனி என்ற பேச்சு முழுப் பொய் இல்லை. ஆனால் காம்பில் நீளக் கறுப்பும் பிசினும் இருந்தால் முதல் குற்றவாளி கொசுதான்.

இன்னொரு வித்தியாசம். பனியோ பூஞ்சாணமோ என்றால் காடு முழுவதும் பரவலாக இருக்கும். கொசு அப்படித் தொடங்காது. இந்த மூலையில் நாலு மரம், அந்த ஓரத்தில் இரண்டு மரம் என்று திட்டுத் திட்டாக ஆரம்பிக்கும். என் கொல்லையில் வருடா வருடம் வடக்கு ஓரத்து வேப்பமரங்களுக்கு அடுத்த வரிசையில்தான் முதல் கருகல் தெரியும். உங்கள் கொல்லையில் எந்த மூலை என்று இரண்டு வருடம் குறித்து வைத்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

எண்ணிப் பார்க்கிற முறை

முந்திரியில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒரு மரத்துக்கு 52 துளிர் எண்ணுவார்கள், பக்கத்துக்கு 13 வீதம் நாலு பக்கமும். நமக்கு அவ்வளவு வேண்டாம். நான் செய்வது இப்படி. 7 மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்கு 80 மரம் சொச்சம் இருக்கும். அதில் பத்து மரத்தில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன். ஓரத்தில் நாலு, நடுவில் ஆறு. வாரம் ஒரு நாள் அந்தப் பத்து மரத்திலும் நாலு பக்கம், பக்கத்துக்கு ஐந்து துளிர் அல்லது பூங்கொத்து. மொத்தம் 200. இதில் எத்தனையில் புதுக் குத்து இருக்கிறது என்று எண்ணுகிறேன். புதுக் குத்து என்றால் ஈரப் பிசினோடு பழுப்பாக இருப்பது. காய்ந்து கறுத்தது போன மாதத்துக் கதை, அதைச் சேர்க்கக் கூடாது. பழசையும் சேர்த்து எண்ணினால் கணக்கு ஏறிக்கொண்டே போகும், நீங்களும் அடித்துக்கொண்டே இருப்பீர்கள்.

நேரம் முக்கியம். வெயில் ஏறினால் பூச்சி இலைக்கு அடியில், மரத்தின் உள் நிழலில் ஒளிந்துகொள்ளும். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள், அல்லது சாயங்காலம் பொழுது சாய்கிற நேரத்தில் போங்கள். கிளையைப் பிடித்து ஆட்டாதீர்கள். ஆட்டினால் பறந்துவிடும். பத்து மரம் பார்க்க முக்கால் மணி நேரம் ஆகும். ஆண்கள் யாரும் சொல்லமாட்டார்கள், என் வீட்டில் இதைச் சரியாகச் செய்வது என் மனைவிதான். நான் பத்தாவது மரத்துக்குப் போவதற்குள் போன் பேச ஆரம்பித்துவிடுவேன்.

துளிர் விடத் தொடங்கினதில் இருந்து பிஞ்சு புளியங்கொட்டை அளவு வரும்வரை, அதாவது கார்த்திகையில் இருந்து மாசி வரை வாரம் தவறாமல் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு கொட்டை ஓடு கெட்டியாகிவிடும், கொசுவால் பெரிய தொந்தரவு இல்லை.

எந்த எண்ணிக்கையில் கை வைப்பது? நான் பின்பற்றுவதைச் சொல்கிறேன். 200க்கு 10க்குக் கீழே, அதாவது ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் ஒன்றும் செய்வதில்லை. அடுத்த வாரம் வரும்போது அந்த மரங்களைக் கூடுதலாகப் பார்ப்பேன். 10க்கும் 20க்கும் நடுவில் இருந்து பூச்சியும் கண்ணில் பட்டால், குத்து தெரிந்த மரங்களுக்கும் அவற்றைச் சுற்றி இருக்கிற மரங்களுக்கும் மட்டும் தெளிப்பேன். 20ஐத் தாண்டினால்தான் அந்தக் காடு முழுவதும். அதே எண்ணிக்கை பூங்கொத்தில் வந்தால் துளிரைவிடச் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும். துளிர் போனால் பக்கத்தில் இன்னொன்று வெடிக்கும். பூ போனால் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான்.

தெளிப்பது வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம். 5 கிலோ கொட்டைப் பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுவதும் ஊற வைத்து, துணியில் பிழிந்து வடிகட்டி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து 100 லிட்டராக்க வேண்டும். அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே அடித்துவிட வேண்டும். கொட்டை போன ஆடியில் பொறுக்கினதாக இருக்கட்டும், மூன்று வருடத்துப் பழசில் சத்து இருக்காது. மழைத் தூறலும் ஈரப்பதமும் இருக்கிற நாட்களில் பவேரியா பேசியானா பூஞ்சாணத்தைப் பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவில் அடிக்கலாம். வறண்ட வெயிலில் அது வீண். எதை அடித்தாலும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான். முந்திரிப் பூ காலையில் இருந்து மதியம் வரை விரியும், தேனீயும் ஈயும் வேலை செய்யும் நேரம் அது. இலையின் அடிப்பக்கம் நனையாவிட்டால் அடித்ததும் அடிக்காததும் ஒன்றுதான்.

முசுறு இருக்கிற மரத்தில் கொசு குறைவு

இலையைத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பை எங்கள் பக்கம் முசுறு என்போம். தெற்குச் சீனாவில் ஆரஞ்சுத் தோட்டங்களில் விடுவதற்காக இந்த எறும்புக் கூடுகளைச் சந்தையில் விற்றார்கள் என்று கி.பி. 304ஐச் சேர்ந்த ஒரு நூல் சொல்கிறது. பூச்சியை வைத்துப் பூச்சியைக் கட்டுப்படுத்தினதற்கு உலகத்தில் கிடைக்கிற மிகப் பழைய எழுத்துச் சான்று அதுதான். நம் காலத்தில் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதி முந்திரித் தோட்டங்களில் இதை முறையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். மரத்தின் பெரிய கிளைகளில் பாதிக்கு மேல் எறும்பு வரிசை ஓடினால் அந்த மரம் கொசுவில் இருந்து தப்புகிறது என்பது அவர்கள் கண்டது. அங்கே இருக்கும் கொசு நம்முடைய இனத்துக்கு ஒன்றுவிட்ட பங்காளி, ஆனால் செய்கிற வேலை ஒன்றுதான்.

முந்திரிக்கு முசுறு பொருந்துவதற்கு ஒரு வசதி உண்டு. மா, கொய்யா மாதிரி மரம் ஏறிப் பறிக்கிற வேலை முந்திரியில் இல்லை. பழுத்து விழுந்த கொட்டையைக் கீழே பொறுக்குகிறோம். எறும்பு மேலே இருக்கும், நாம் கீழே இருப்போம். கடி வாங்காமல் இருக்க முடியாது, ஆனால் சமாளிக்கலாம். கைகாலில் சாம்பல் பூசிக்கொண்டால் எறும்பு ஏற யோசிக்கும்.

கூட்டைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: ஒரு குடும்பத்துக்குப் பல மரத்தில் பல கூடு இருக்கும், ராணி ஒரு கூட்டில்தான் இருக்கும். ராணி இல்லாத கூட்டை வெட்டிக்கொண்டு வந்து கட்டினால் கொஞ்ச நாளில் அழிந்துவிடும். ஒரு குடும்பத்தின் கூடுகளை முடிந்தவரை மொத்தமாக விடியற்காலையில் சாக்குப் பையில் எடுங்கள். இரண்டு வேறு குடும்பங்களை அடுத்தடுத்த மரத்தில் விட்டால் சண்டை போட்டு இரண்டும் மடியும். ஒரே குடும்பமா என்று தெரிய வேண்டுமானால் இந்தக் கூட்டு எறும்பு நாலைந்தை அந்தக் கூட்டின் மேல் விட்டுப் பாருங்கள். கடித்துப் புரண்டால் வேறு குடும்பம். இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் ஒரு மரத்தைக் காலியாக விடுங்கள், கிளை தொடாமல் கவாத்து செய்யுங்கள். ஒரே குடும்பத்து மரங்களுக்கு நடுவே கயிறு கட்டினால் தரையில் இறங்காமலே போய் வரும்.

ஒரு குறையும் உண்டு. முசுறு மாவுப்பூச்சியையும் செதில்பூச்சியையும் பால்மாடு மாதிரி வளர்க்கும். சில கிளையில் கரும்பூசணம் படியும். அந்தக் கிளையை வெட்டினால் போதும், எறும்பை ஒழிக்கக் கிளம்ப வேண்டாம். மரத்தில் முசுறு இருந்தால் வேப்பெண்ணெய் கூட அந்த மரத்தில் நான் அடிப்பதில்லை.

தானே புயலுக்குப் பின் வைத்த மரங்களுக்கு வயசு வந்துவிட்டது

2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலை தானே புயல் கடலூர் மாவட்டத்தில் கரையைக் கடந்தது. எங்கள் பகுதி முந்திரிக் காடு எப்படிக் கிடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு 2012, 2013இல் வைத்த ஒட்டுக் கன்றுகள்தான் இன்றைக்கு எங்கள் பக்கம் பாதிக் காடு. அந்த மரங்கள் எல்லாம் இப்போது பத்து வயசைத் தாண்டிவிட்டன. தண்டு துளைப்பான் தேடி வருவது இந்த வயசு மரங்களைத்தான். இளமரத்தை அது அவ்வளவாகத் தொடாது. அதனால் புயலுக்குப் பிறகு நட்டவர்கள் பலர் இந்தப் புழுவைப் பார்த்ததே இல்லை. இனிமேல் பார்ப்பார்கள். கொசு ஒரு வருடத்து வெள்ளாமையைத்தான் எடுக்கும். துளைப்பான் பன்னிரண்டு வருடம் வளர்த்த மரத்தையே எடுத்துவிடும்.

இது நீளக் கொம்பு வண்டின் புழு. செம்பழுப்பு வண்டு, ஒரு அங்குலத்துக்கு மேல் இருக்கும். தாய் வண்டு தரையில் இருந்து மூன்றடிக்குள், பட்டை வெடிப்பிலும் மண்ணுக்கு வெளியே தெரியும் வேரிலும் முட்டை வைக்கும். தையில் இருந்து வைகாசி வரை முட்டை வைப்பது அதிகம். புழு பட்டைக்கு அடியில் இருக்கிற சதையை வளைந்து வளைந்து தின்று, மாதக் கணக்கில் உள்ளேயே இருக்கும். வளர்ந்தால் சுண்டுவிரல் நீளத்துக்கு மேல் போகும். பிறகு கட்டைக்குள்ளோ வேருக்குள்ளோ சுண்ணாம்பு ஓடு மாதிரி ஒரு கூடு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும்.

இலை மஞ்சளான பிறகு "என்னமோ மரம் வாடுது" என்று பார்க்கப் போவதில் பிரயோசனம் இல்லை. அப்போது பட்டையில் பாதிக்கு மேல் தின்று முடித்திருக்கும், சத்து மேலே ஏற வழி இருக்காது. பார்க்க வேண்டியது அடிமரத்தை. மாதம் ஒரு தடவை, தையில் இருந்து ஆனி வரை பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, ஒவ்வொரு மரத்தின் தூரிலும் குனிந்து பாருங்கள். இதில் பத்து மரம் மாதிரி எடுக்கிற கதை செல்லாது, எல்லா மரமும் பார்த்தாக வேண்டும். தூரைச் சுற்றிக் களையும் சருகும் மூடிக் கிடந்தால் ஒன்றும் தெரியாது. மூடாக்கு நல்லதுதான், தண்டை ஒட்டி ஒரு முழம் மட்டும் விட்டுப் போடுங்கள்.

தேட வேண்டியது இரண்டு: பிசின், மரத்தூள். பட்டை வெடிப்பில் இருந்து ரம்பம் அறுத்த மாதிரி தூள் தள்ளியிருக்கும். வெளிர் நிறத்தில் ஈரமாக இருந்தால் புழு உள்ளே வேலையில் இருக்கிறது. கறுத்து உலர்ந்து இருந்தால் பழசு. அந்த இடத்தில் உளியால் பட்டையைத் திறந்து, சுரங்கம் போகிற திசையிலேயே போங்கள். அது பெரும்பாலும் கீழே வேர்ப் பக்கம் இறங்கும். நுனி வளைந்த சைக்கிள் கம்பி உதவும். புழு கைக்குக் கிடைக்கிறவரை விடக் கூடாது. அதே நேரம் ஆத்திரத்தில் தண்டைச் சுற்றிப் பட்டையை உரித்துவிடவும் கூடாது. அப்படிச் செய்தால் புழு செய்ய இருந்ததை நாமே செய்து முடித்த மாதிரி. காயத்தில் வேப்பெண்ணெயை 5 சதவீதம் சோப்போடு கலந்து பூசி, மேலே சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிடுங்கள். மரத்தில் துணி கட்டி வையுங்கள். பதினைந்து இருபது நாளில் திரும்ப வந்து புதுத் தூள் தள்ளியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் தடவையில் இரண்டில் ஒரு புழுவை விட்டிருப்பது சகஜம்.

பாதிக்காத மரங்களுக்கு முட்டை வைக்கும் காலத்துக்கு முன்னால் தரையில் இருந்து மூன்றடி உயரம் வரை அதே வேப்பெண்ணெய்ப் பூச்சு. மழைக் காலத்தில் தூருக்கு வேப்பம் புண்ணாக்கு அரைக் கிலோவோடு மெட்டாரைசியம் பூஞ்சாணம் கால் கிலோ கலந்து மண்ணில் கொத்திவிடலாம். மண்ணில் ஈரம் இருக்கும்போதுதான் அது பிடிக்கும், சித்திரையில் போட்டுப் பயன் இல்லை.

பட்ட மரத்தை வைத்திருக்காதீர்கள்

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பாதாம் தோட்டங்களில் நேவல் ஆரஞ்சுப் புழு என்று ஒன்று பெரிய தலைவலி. அறுவடைக்குப் பிறகு மரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்து தொங்கும் பாதாமுக்குள் அது குளிர்காலத்தைக் கழிக்கும். அதனால் அங்கே குளிர்காலத்தில் மரத்தை இயந்திரத்தால் குலுக்கி, மீதியைக் கழியால் தட்டி, விழுந்ததை அரைத்துப் போட்டுவிடுகிறார்கள். வசந்தத்துக்கு முன்னால் மரத்துக்குச் சராசரியாக இரண்டு காய்க்கு மேல் மிஞ்சக் கூடாது என்பது அங்கே பரவலான கணக்கு. ரசாயனம் அடிக்கிறவரும் அடிக்காதவரும் இதைச் செய்கிறார்கள். பூச்சி தங்குகிற வீட்டைக் காலி செய்யாமல் எந்த மருந்தும் எடுபடாது என்று பட்டுத் தெரிந்துகொண்டது.

நம் முந்திரியில் அந்த வீடு எது? பட்டுப்போன மரம்தான். பாதிக்கு மேல் பட்டை போன மரத்தைக் காப்பாற்ற முடியாது. வெட்டியாக வேண்டும். ஆனால் எங்கள் பக்கம் நடப்பது என்ன? மேலே வெட்டிவிட்டுத் தூரை அப்படியே விடுகிறோம். வெட்டின கட்டையை விறகுக்கு விலை ஏறட்டும் என்று வரப்போரம் அடுக்கி வைக்கிறோம். உள்ளே இருக்கும் புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் மரம் செத்தது தெரியாது. மார்கழிக்கு மேல் அந்த அடுக்கில் இருந்தும் மண்ணுக்குள் இருக்கும் வேரில் இருந்தும் வண்டு வெளியே வந்து நேரே பக்கத்து மரத்துக்குப் போகும். போன வருடம் ஒரு மரம் பட்ட இடத்தைச் சுற்றி இந்த வருடம் மூன்று மரம் பட்டது என்று சொல்கிறவர்கள், அந்த விறகு எங்கே அடுக்கியிருந்தது என்று யோசித்துப் பார்க்கலாம்.

மரத்தைத் தூரோடு, வேரோடு தோண்டி எடுங்கள். ஜே.சி.பி. வாடகையைப் பக்கத்துக் கொல்லைக்காரரோடு பேசிப் பங்கு போட்டுக்கொள்ளலாம், இதில் அவருக்கும் லாபம்தான். தூரைப் பிளந்து புழுவைப் பொறுக்கினால் கோழிக்கு ஆகும். தண்டையும் வேரையும் கார்த்திகைக்குள் விற்றோ எரித்தோ தீர்த்துவிட வேண்டும். வியாபாரி தையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், நூறு இருநூறு குறைத்தாவது முன்னாலேயே ஏற்றி அனுப்புங்கள். தோண்டின குழியில் உடனே கன்று வைக்க வேண்டாம். ஒரு மழைக்காலம் திறந்து கிடந்து, மிச்ச வேரெல்லாம் வெளியே வந்த பிறகு வைக்கலாம்.